புஷ்ஷில் அடித்திருந்த நம்பர்

மோரிஸ், ரைபிள் கிளப்புக்குத் தோட்டா உறைகளை மறுபடி நிரப்பிக் கொடுப்பவன். உறையின் கழுத்தை இறுக்கும், அளவுக்கு ஒன்றான புஷ் வளையங்களை மனைவி அகத்தா மேசை துடைக்கும்போது இடம் மாற்றிவைத்ததால்தான் உறையில் குண்டு ஆடுகிறது என்று முந்தின நாள் அவளிடம் கத்தியிருந்தான். காலையில் அவள் பூசைக்குப் போனதும் சீட்டு எழுதினான்:

"அகத்தா, சோறு வடிச்சிட்டேன். மீன் சட்டியில இருக்கு. ஹெர்பர்ட் அண்ணன் வந்தா கிளப் சாவியைக் கொடு. ஒரு உறையை இறுக்கி மைக்ரோமீட்டர்ல பார்த்தேன். புஷ்ல அடிச்ச நம்பரே தப்பு, உள்ளளவு அதைவிடப் பெருசு. நீ ஒண்ணும் மாத்தலைலா."

அடியில் இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினான்: "கோலா கெடாவுல உங்க அக்கா வீட்டுக்குப் போறதா இருந்தா போ. சாயந்திரம் நானே வந்து கூட்டிட்டு வர்றேன்."

அகத்தாவுக்கு அன்று அக்காள் வீட்டுக்குப் போகும் எண்ணமே இல்லை. சீட்டைப் படித்தாள். ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்ததை இரண்டாவது தடவையும் படித்தாள். சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.