பாக்கெட்டில் இருந்த கை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

வணக்கம். நானும் நம் பெண் வாலுவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போன தடவை கேட்டதற்கு, "அது பாட்டுக்கு இருக்கு" என்றீர்கள். அது பாட்டுக்கு இருக்கட்டும், உங்களை நிம்மதியாக இருக்க விடுகிறதா என்றுதான் நான் கேட்டேன்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் இருப்பது ஒரே அறை. நான் போனைக் கையில் எடுத்தால் வாலு கண்ணைப் புத்தகத்தில் வைத்துவிட்டுக் காதை என் பக்கம் வைத்திருப்பாள். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்திலிருந்து பேசலாம் என்றால், இஸ்திரி மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவளுக்கே கத்தித்தான் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், நான் பாதி சொல்லும்போதே நீங்கள் குறுக்கே விழுவீர்கள். இதை நீங்கள் குறுக்கே விழாமல் கேட்க வேண்டும். லீவு முடிந்து அங்கே வேலைக்குத் திரும்புகிற உங்கள் பெயிண்டர் நண்பர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது.

வாலுவை டென்னிஸ் அகாடமிக்கு எடுப்பதா வேண்டாமா என்று பார்க்கக் கிளப்புக்கு ஆள் வந்தார்கள். எடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் இழுத்துப் பிடித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

வந்தது ஒரு மேடம். அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரியாம். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு மெதுவாகத்தான் நடந்தார். டீ வாங்கி வரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கோச் அண்ணன்தான் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார். நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போயிருந்தேன். எங்கள் சூப்பர்வைசர் முகத்தை எட்டுக் கோணலாக வைத்துக்கொண்டுதான் விட்டார்.

ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் பார்த்திருந்தால் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தியிருப்பீர்கள். இவளைவிட ஒரு முழம் உயரமான பெண்ணோடு ஆடவிட்டார்கள். அந்தப் பெண் எங்கே அடித்தாலும் இவள் அங்கே நிற்கிறாள். இடது கையால் சுழற்றி விடும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் அந்தப் பெண் தடுமாறியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வாலு ஜெயித்துவிட்டாள். கோச் அண்ணன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். மேடம் மட்டும் பந்தைப் பார்க்கவே இல்லை, இவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வேகம் காட்டுகிற கருவி ஒன்றை வைத்துவிட்டு, சர்வீஸ் மட்டும் போடச் சொன்னார். திரும்பத் திரும்பப் போட்டாள். கருவியைக் குனிந்து பார்த்த கோச் அண்ணன் நிமிரும்போது அவர் முகம் கொஞ்சம் தொங்கியிருந்தது. அப்புறம் மேடம், மட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஆடுகிற கையால் பந்தை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் எறியச் சொன்னார். இடது கையால் எறிந்தாள். பந்து வலையைத் தாண்டிப் பக்கத்திலேயே தொப்பென்று விழுந்தது. மறுபடியும் எறிந்தாள், மறுபடியும் தொப். மேடம் எழுதிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து இவள் மட்டையைப் பைக்குள் போட்டு ஜிப்பையும் இழுத்தாயிற்று. கடைசிக் கோர்ட்டில் இரண்டு டாக்டர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பந்து உருண்டு இவள் காலடிக்கு வந்தது. "பந்து, பந்து!" என்று அங்கிருந்து கத்தினார்கள். இவள் களைப்பில் இருந்தாள், வேறு ஏதோ நினைப்பிலும் இருந்தாள் போலிருக்கிறது. குனிந்து எடுத்து வீசினாள். வலது கையால்.

எப்படிச் சொல்வேன்? நடுவில் இருந்த கோர்ட்டுகளையெல்லாம் தாண்டி அந்த டாக்டர் கைக்கே போய்ச் சேர்ந்தது. அவர் அதைப் பிடித்துவிட்டுக் கையை உதறினார். நான் கருவியும் படிக்கத் தெரியாதவள், கணக்கும் தெரியாதவள். எனக்கே அந்த வீச்சின் வேகம் புரிந்தது. மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

நேராக என்னிடம் வந்து, "பொண்ணு எந்தக் கையில எழுதுது?" என்று கேட்டார். வலது என்றேன். சாப்பிடுவது, தலை வாருவது, கதவைத் திறப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் வலது கைதான் என்றேன். "அப்போ மட்டையை மட்டும் யாரு இந்தக் கையில குடுத்தது?" என்று கேட்டார். அவங்க அப்பா என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

கிளப்புக்கு வேலி வெல்டிங் பண்ணப் போன இடத்தில் நீங்கள் ஒரு இடக்கைக்காரரின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, எதிராளிக்கு எல்லாமே தலைகீழாக வருகிறது என்று வீட்டில் குதித்ததைச் சொன்னேன். வாலுவுக்குப் பாக்கெட் வைத்த கவுனாகப் பார்த்து வாங்கி, வலது கையை அதற்குள்ளே விட்டுக்கொண்டு ஆடச் சொன்னதையும் சொன்னேன். கையை வெளியே எடுத்தால் அவுட் என்று நீங்கள் விளையாட்டுக் காட்டுவீர்களே, அவளும் விழுந்து விழுந்து சிரிப்பாளே, அதையும் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. கோச் அண்ணன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் நாம் இடக்கைப் பெண் என்றுதானே கொண்டுபோய் விட்டோம். பிறவி இடக்கை என்றே இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார்.

மேடம் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். சர்வீஸ் என்பது அடிப்பது இல்லையாம், எறிவதாம். எறிகிற கை குழந்தையிலேயே உடம்போடு சேர்ந்து வளர வேண்டுமாம். இவளுடைய இடது கைக்கு அது வரவில்லை, இனிமேல் வராது என்றார். "இந்தப் பொண்ணோட கால் மாதிரி நான் ரொம்ப நாளா பாக்கல. ஆனா கால் பந்தை அடிக்காதும்மா" என்றார். இப்போது ஜெயிப்பதெல்லாம் எதிரில் நிற்கிற பிள்ளைகளுக்கு இடக்கைப் பந்து பழக்கம் இல்லாததாலும் இவள் ஓட்டத்தாலும்தானாம். அவர்களுக்குப் பழகிவிட்டால் இவள் சர்வீஸை நின்ற இடத்தில் நின்று திருப்பி அடிப்பார்களாம்.

நீங்கள் இப்போது என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சர்வீஸை மட்டும் வலது கையில் போட்டுவிட்டு மட்டையை மாற்றிக்கொண்டால் என்ன என்பீர்கள். கோச் அண்ணனும் அதைத்தான் கேட்டார். இவள் கை மாற்றுவதற்குள் பெரிய ஆட்டக்காரிகள் அடிக்கிற பந்து இவளைத் தாண்டிப் போயிருக்கும் என்றார் மேடம். சரி, முழுக்க வலது கைக்கே மாற்றிவிடலாமா என்று கேட்டதற்கு, முதலிலிருந்து தொடங்கிச் சின்னப் பிள்ளைகளிடம் எல்லாம் தோற்று எழுந்து வருவதற்குள் வயது போய்விடும், அகாடமியில் அப்படி யாரையும் எடுப்பதில்லை என்றார். கிளம்பும்போது என் கையைப் பிடித்து ஒன்று சொன்னார். "பத்து வயசுல இந்த வலது கையோட என்கிட்ட வந்திருந்தா, நான் தூக்கிட்டுப் போயிருப்பேன்." அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். சொல்லாமலே போயிருக்கலாம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். மறுநாள் வேலையில் படுக்கை விரிப்பு மடிக்கும்போது அந்தப் பக்க முனையைப் பிடித்திருந்தவள், "ஏன்டி இந்த இழு இழுக்கற, கிழிஞ்சிடப் போகுது" என்று சத்தம் போட்டாள். அந்த நேரத்தில் நீங்கள் எதிரில் இருந்திருந்தால் வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருப்பேன். சாயங்காலத்துக்குள் கோபம் போய் அழுகை வந்துவிட்டது. நீங்கள் ஆசைப்பட்டுச் செய்ததுதானே. வேண்டுமென்றா செய்தீர்கள்?

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம்.

கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தோம். மேடம் சொன்னதைப் பக்குவமாக எப்படிச் சொல்வது என்று நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்தாள். "எனக்குத் தெரியும்மா" என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "ரொம்ப நாளா" என்றாள்.

தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கிற குடோன் இருக்கிறதே, அதன் பின்பக்கச் சுவரில் நான் வேலை முடிந்து வருவதற்குள் தினமும் தனியாக ஆடுவாளாம். வலது கையில். யாரும் சொல்லித்தரவில்லை. முதல் நாளே பந்து சுவரில் பட்ட சத்தம் கேட்டுப் பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாளாம். நேற்று நான் தனியாகப் போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரே இடத்தில் பந்து பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. சுற்றி வேறெங்கும் ஒரு அடையாளமும் இல்லை.

ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்பா போன் பண்ணினா மொத வார்த்தையே, என் இடக்கை எப்படி இருக்கான்னுதானம்மா கேப்பாரு. அங்க கூட வேலை செய்றவங்ககிட்டல்லாம் சொல்லி வச்சிருக்காரு. அந்த வெயில்ல நிக்கிற மனுஷன்கிட்ட போய், நீ பண்ணினது தப்புன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றாள். வாலு என்று பேர் வைத்தோம். இப்படி எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துப் பூட்டிக்கொள்கிற பிள்ளையாக எப்போது ஆனாள் என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்காவது ஒரு தடவை வலது கையில் ஆடிக் காட்டு என்று கேட்டேன். "அப்பா பாக்காததை நீ மட்டும் எதுக்குப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டாள். இனிமேல் குடோன் பக்கமும் போகப் போவதில்லையாம். நீங்கள் லீவில் வந்தால் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்களாம். தினமும் கிளப்புக்குப் போகிறாள், இடது கையில் ஆடுகிறாள், வருகிறாள். கோச் அண்ணன் முன்னே மாதிரி திட்டுவதுகூட இல்லை. அவர் திட்டாமல் இருப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தாள். நான் பிடி கொடுக்கவில்லை. அடுத்த தடவை நீங்கள் கூப்பிடும்போது, அகாடமியில் இந்த வருஷம் இடம் நிரம்பிவிட்டது, வெளியூர்ப் பெண் யாருக்கோ சிபாரிசில் கொடுத்துவிட்டார்கள் என்று அவளே சொல்லப் போகிறாள். அதற்கு என்ன வார்த்தை, எந்த இடத்தில் அலுத்துக்கொள்வது என்று எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள். நம்பிவிடுங்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சிபாரிசுக்காரர்களைக் கொஞ்சம் திட்டவும் செய்யுங்கள், இல்லாவிட்டால் சந்தேகப்படுவாள். மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்டால் அந்தப் பிள்ளை தாங்காது.

அவள் உங்களுக்காக ஒரு பொய் சொல்கிறாள். நீங்களும் அவளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே யாரோ டென்னிஸ் தெரிந்தவர் சொன்னார், இடக்கை ஆட்டமெல்லாம் இப்போது எடுபடுவதில்லையாம், சும்மா தமாஷுக்கு வலது கையில் ஆடிப் பாரேன் என்று போகிற போக்கில் சொல்லிவையுங்கள். அவள் பெரிய ஆட்டக்காரி ஆகப்போவதில்லை. அது முடிந்துபோன விஷயம், நான் உங்களுக்கு ஆசை காட்டவில்லை. ஆனால் யாருக்கும் பயப்படாமல், ஒளியாமல், எல்லோரும் பார்க்க அவள் ஒரு நாளாவது அந்தக் கையால் ஆட வேண்டும். அதற்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் ஆட மாட்டாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கனமான பைப்பைத் தனியாகத் தூக்காதீர்கள். நீங்கள் நன்றாக இருந்தால்தான் நாங்கள் நன்றாக இருப்போம்.

கடிதம் கிடைத்ததும் உடனே போனை எடுக்காதீர்கள். குரல் உடையாமல் பேச முடியும் என்று தோன்றுகிற நாளில் கூப்பிடுங்கள். அதுவரைக்கும் அங்கே சிக்னல் இல்லையாம் என்று நான் அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நினைப்பாகவே இருக்கும்
வாலுவின் அம்மா