தயானிக்கு விழாத அரைப்பேர்

நமுனுகுல

அன்பு மகள் தயானிக்கு அம்மா எழுதுவது. சாமி புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ எப்படி இருக்கிறாய் என்று யாரிடம் கேட்பதென்றுதான் தெரியவில்லை. போன் போட்டால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் நான் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உன் அண்ணி கம்சலா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

இங்கே மழை விட்டபாடில்லை. நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது, பலத்துப் பெய்தால் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அப்பா பாயையும் மருந்தையும் கட்டி வைத்துவிட்டு இருமிக்கொண்டிருக்கிறார். அந்தப் பயம் எங்களுக்குப் பழகிப்போனது. போன மாதம் நீ சொன்ன சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "மாசக்கணக்கா எனக்கு அரைப்பேர்கூட விழலம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். எனக்குத் தெரிந்தது ஒரே அரைப்பேர்தான், கொழுந்து எடை குறைந்தால் கணக்கப்பிள்ளை பாதி நாள் சம்பளம் என்று எழுதுவாரே, அது. ஐயோ, ஜெர்மனியில் பிள்ளைக்குச் சம்பளத்தை வெட்டிவிட்டார்கள், பட்டினி கிடக்கிறாள் என்று பதறி, அரிசியை வறுத்து மாவு அரைத்து, பதுளை நஸீர் கடையில் பார்சல் அனுப்பக் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் கம்சலா சொன்னாள், "அத்தை, அவளுக்குச் சம்பளம் வருது. டாக்டர் பட்டத்துக்கு எடுத்த கணக்குத்தான் வரல. நிரூபிக்கப் புடிச்ச கணக்கு பாதியில தப்பாப் போயிருச்சாம், மாசக்கணக்கா ஒழச்சும் அரைநாள் வேலைகூடத் தேறலங்கிறதத்தான் அப்படிச் சொல்லியிருக்கா" என்று.

கேட்டதும் நிம்மதி வந்திருக்க வேண்டும், எனக்குப் பயம்தான் கூடியது. பட்டினி என்றால் மாவு அனுப்பலாம், இதற்கு நான் எதை வறுப்பது? இங்கே எடை குறைந்தால் நாங்கள் கூடி நின்று கங்காணியைத் திட்டிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு மறந்துவிடுவோம். நீ தனியாக யாரைத் திட்டுவாய்? தோட்டத்து மேல் டிவிஷன் அழகையா மகன் கேம்பஸ் படிப்பை விட்டு வந்தவன், இன்றைக்கும் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்து திரிகிறான். அவனைக் கண்டாலே உன் நினைப்புதான் வருகிறது. லயமே உன்னை டாக்டர் என்கிறது, அந்தப் பேச்சுக்குப் பயந்து நீ அங்கேயே கிடந்து ஏதாவது செய்துகொள்வாயோ என்று பயமாயிருக்கிறது. மனதில் இருந்ததை எழுதிவிட்டேன், கோபிக்காதே. வேளைக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடு வெளியே போகாதே, கணக்கு வராத அன்றைக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்காதே, கூடப் படிக்கிற பிள்ளைகளோடு போய் உட்கார்.

நேற்றுக் காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் வரிசையாக நிற்கும்போது பெரியாயி, "டாக்டரம்மா எப்ப வர்றாக?" என்று கேட்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன், "படிப்ப முடிச்சாலும் வருவா, முடிக்காட்டியும் வருவா. வந்தா ஏன் வந்தேன்னு யாரும் கேக்கக் கூடாது" என்று. சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினேன்.

கதிர்காமத்தான் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். இதைப் படித்ததும் கணக்கைப் பற்றி ஒன்றும் விளக்க வேண்டாம். போனை எடுத்து "அம்மா" என்று மட்டும் சொல், பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று நான் படுத்துத் தூங்குவேன்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா செல்லாயி