நிற்காமல் ஓடிய கணினி

அக்கா,

இன்று காலை உங்கள் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். சாம்பிராணி வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. பின்னால் நின்ற உங்கள் கணவர், "என்ன பிள்ளை மணக்குது?" என்று கேட்டார். தூரிகையைத் தேடுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். அவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். நீங்கள் சொல்லித்தந்த முறை.

கடல் தாண்டி, இந்த மல்கிரேவில் உங்கள் வீட்டின் ஓர் அறைக்கு வாடகைக்கு வந்த மதுரைக்காரி நான். விசாவுக்காக அத்தான் யாழ்ப்பாணத்தில் காத்திருந்த காலம் அது. ஞாயிறு மத்தியானம் ஸ்கைப்பில் வருவார். பத்து நிமிடம்கூட ஆகாது, கணினி படக்கென்று அணைந்துவிடும். அடுத்த வாரம் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கோவத்திலதானே கட் பண்ணினீர்?" என்பார்.

எனக்குப் பொறுமை என்பதே கிடையாது, தெரியும்தானே. ஒரு பொருள் பாதி வேலை செய்தால் எனக்குச் சோறு இறங்காது. "சூடாகி நின்னு போகுதுக்கா. உள்ளே தூசி அடைச்சிருக்கும். திறந்து பார்த்திடலாம்" என்று நச்சரித்தேன். "கிடக்கட்டும் பிள்ளை, இப்ப என்ன அவசரம்" என்று ஒவ்வொரு வாரமும் தட்டிக்கழித்தீர்கள். கணினி கெட்டுப்போய்விடும் என்று பயப்படுகிறீர்கள் என நினைத்தேன்.

ஒரு ஞாயிறு காலை, உங்களைக் கேட்காமலே வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பொத்தானை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். வாக்யூம் கிளீனரை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தீர்கள்.

"அது வேணாங்க்கா, ஸ்டாட்டிக் அடிச்சு உள்ளே ஏதாவது போயிடும். அந்தக் கம்பளிச் சட்டையையும் கழட்டிட்டு, இரும்புச் சட்டத்தை ஒரு தடவை தொட்டுட்டு உட்காருங்க."

"ஐயோ, கோயிலுக்குப் போறதைவிட இதுக்குச் சட்டதிட்டம் கூடிப்போச்சு" என்று முணுமுணுத்தபடி குளிரில் உட்கார்ந்தீர்கள்.

திறந்தால், உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை. தூசி மட்டுமில்லை, விபூதியும். வெள்ளிக்கிழமைதோறும் சாமிப்படங்களுக்குச் சாம்பிராணி காட்டிவிட்டுக் கணினிக்கும் காட்டுவீர்கள். அதன் முகப்பில் ஒரு சிட்டிகை திருநீறும் வைப்பீர்கள். ஏன் என்று கேட்டால், "அவர் வாற இடமெல்லோ" என்பீர்கள். முன்பக்க மின்விசிறி அத்தனையையும் உறிஞ்சி வைத்திருந்தது. "உங்க பக்திதான் அத்தானைத் துரத்திவிடுது" என்று கிண்டல் செய்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

விசிறி சுழலாதபடி இறக்கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். தூசி ஊதுகிற அழுத்தக் காற்று டின்னை நிமிர்த்திப் பிடித்து, விட்டு விட்டு அடித்தேன். இடுக்குகளை மெல்லிய தூரிகையால் தட்டினேன். முடிந்தது என்று சொன்ன பிறகும் நீங்கள் இறக்கையிலிருந்து விரலை எடுக்கவில்லை. குளிரில் விறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மத்தியானம் அத்தான் ஸ்கைப்பில் வந்தார். பத்து நிமிடம் போனது, இருபதும் போனது. கையில் தூரிகையோடு பெருமை தாங்காமல் உங்கள் பின்னால் நின்றிருந்தேன்.

"ஏனப்பா இப்பிடி மெலிஞ்சு போனீர்? போன முறையும் கேட்டனான். கட் ஆகிப்போட்டுது" என்றார் அவர்.

நீங்கள் பெட்டியைப் பார்த்தீர்கள். அது சீராக ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவரிடம் சொன்னீர்கள்: "மார்பில கட்டி எண்டு சொல்லுகினம். அடுத்த மாதம் ஒப்பரேஷன்."

ஒரே வீட்டில் இருந்த எனக்கும் அப்போதுதான் தெரியும். அழைப்பு முடிந்து சமையலறைக்கு வந்தீர்கள். "நாலைஞ்சு தரம் அது தானா நிண்டது. மிச்சமெல்லாம் நான்தான் நிப்பாட்டினனான். அவர் வந்து சேருமட்டும் சொல்லாமல் இழுப்பம் எண்டு இருந்தன்" என்றீர்கள். கோப்பையைக் கழுவிக்கொண்டே, "நீர் வலு வடிவாத் துப்பரவாக்கிப் போட்டீர்" என்றீர்கள்.

அதன்பின் அத்தான் அங்கே விசாவுக்காக ஒரு கதவு விடாமல் தட்டி, வந்து சேர்ந்தார். நீங்கள் கண்மூடும்வரை, அந்தக் கடைசிச் சில மாதங்கள் இருவரும் உப்புக்கும் புளிக்கும் சண்டை பிடித்தபடி ஒன்றாக இருந்தீர்கள். அதை நினைத்தால் நான் செய்தது சரி என்று படுகிறது. இறக்கையைப் பிடித்திருந்த உங்கள் விரலை நினைத்தால் அந்த நிம்மதி போய்விடுகிறது, எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது.

நான் நன்றாகச் சுத்தம் செய்துவிட்டேன் என்று அன்று நீங்கள் சொன்னது பாராட்டா, மனத்தாங்கலா, அக்கா? எதையும் உடனே திறந்து பார்க்கத் துடிக்கிற எனக்கு, அதை மட்டும் கேட்கத் துணிவு வரவில்லை.