துண்டுக்குள் போட்ட எண்

பாய்,

உங்கள் துண்டை என் வீட்டுக்காரி ஊறப் போட்டுவிட்டாள். பதறிப்போய் வாளியிலிருந்து எடுத்துப் பிழிந்து முகர்ந்து பார்த்தேன். நல்லவேளை, சோப்பையும் மீறி அந்த வாசனை இருக்கிறது. பற்றவைக்கும் ஈயத்தின் புகையும் நீங்கள் காதோரம் தடவும் அத்தரும் கலந்த வாசனை. "ஒரு அழுக்குத் துண்டுக்கு இத்தனை கூத்தாங்க?" என்கிறாள். அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் போகிற வழியில் என் தீவனக் கடைக்கும் உங்கள் மொபைல் சர்வீஸ் கடைக்கும் நடுவே ஒரே சுவர். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிறவர்கள் இருவர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலையைச் சொல்வார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் துண்டைச் செல்போன் கடைக்குள் கொண்டுவந்தவர் நீங்கள். பழுது பார்த்த போனைத் திறக்க ரகசிய எண் வேண்டுமென்றால் மற்ற கடைகளில் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். நீங்களோ ஆணியில் தொங்கும் துண்டை எடுத்துப் போனைச் சுற்றி மறைப்பாகப் பிடித்து, "உங்க பக்கமாப் பாத்து நீங்களே போடுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வீர்கள். முதல் தடவை பார்த்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"என்கிட்ட மறைக்கறதுக்கு என்னங்க பாய் இருக்குது? ரெண்டு மாடு, ஒரு மோட்டாரு" என்றேன்.

"அப்படீங்களா? நாளைக்குச் சந்தையில துண்டு இல்லாம வெலை பேசுங்க தோட்டத்துக்காரரே, நானும் வந்து பாக்கறேன்" என்றீர்கள்.

அதோடு விட்டீர்களா? என் போனை வாங்கி, நான் ஏற்றி வைத்திருந்த டார்ச் லைட் ஆப்பை எடுத்துக் காட்டினீர்கள். அது என் தொடர்பு எண்களையெல்லாம் கேட்டிருக்கிறது, நானும் தலையாட்டியிருக்கிறேன். "ஏனுங்க, வெளிச்சம் அடிக்கறதுக்கு எதுக்குங்க உங்க மச்சான் நெம்பரு?" அன்றிலிருந்து எந்த ஆப் அனுமதி கேட்டாலும் என் மச்சான் முகம்தான் முன்னால் வருகிறது.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவே இல்லை. எல்லாவற்றையும் மூடு மூடு என்கிற நீங்கள்தான் ஓப்பன் சோர்ஸ் என்றால் உயிரை விடுவீர்கள். கம்பெனி கைவிட்ட பழைய போன்களில் அந்தத் திறந்த மென்பொருளை ஏற்றி ஓடவைப்பீர்கள். உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பெருமை வேறு. மூடச் சொல்லும் மனிதருக்குத் திறந்து கிடப்பதன்மேல் என்ன இத்தனை ஆசை?

பதில் ஒரு சந்தை நாளில் கிடைத்தது. ஒரே நிற பனியன் போட்ட பையன்கள் சிலர் தொப்பி கொடுத்துக்கொண்டு வந்தார்கள். மாட்டு விலை சொல்லும் ஆப்பாம், இலவசமாம். தொப்பிக்காகவே பாதிச் சந்தை அதை ஏற்றிக்கொண்டது. உங்களிடமும் வந்தார்கள்.

"சரிங்க தம்பி, மாட்டக் காட்டுங்க" என்றீர்கள்.

"மாடு இல்லீங்க சார், இது ஆப்" என்றான் அவன் பாவமாக.

நீங்கள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "நம்ம சந்தையில மாட்டத் தொறந்துதானுங்க வெக்கறோம்? பல்லப் பாக்கலாம், சுழி பாக்கலாம், நடக்க உட்டுப் பாக்கலாம். வெலையத்தான் மூடறோம். இவுங்க மாட்டச் சாக்குல மூடி வெச்சுட்டு, உங்க வெலையச் சத்தமாச் சொல்லுங்கறாங்க. தலைகீழால்ல இருக்குது?"

பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினீர்கள். எத்தனையோ செய்தித்தாள் கட்டுரைகளைப் படித்தும் ஏறாத விஷயம், மென்பொருள்தான் மாடு, நம் விவரங்கள்தான் விலை என்பது, அந்த ஒரு நிமிடத்தில் என் மண்டையில் ஏறியது. உங்களைப் பக்கத்துக் கடைக்காரராகப் பெற்றதில் எனக்கு இருந்த கர்வத்தை நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

உங்களால் பட்ட பாடும் உண்டு. என் போனிலும் அந்தத் திறந்த சாமானை ஏற்றிவிட்டீர்கள். பேங்க் ஆப் திறக்கமாட்டேன் என்று அடம் பிடித்தது. வெயிலில் கொழிஞ்சாம்பாறை பேங்குக்கு அலைந்து வந்து உங்களைத் திட்டினேன். "நானே ஏத்தி நானே மாட்டிக்கிட்டனுங்க" என்று தலையைச் சொறிந்துகொண்டு பழையபடி மாற்றிக் கொடுத்தீர்கள். பிடிவாதக்காரர்தான், ஆனால் அடுத்தவர்மேல் திணிக்கத் தெரியாத பிடிவாதம்.

ஒரு நாள் காலை தொழுகைக்குப் போய்விட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கடையில் ஒரு டப்பா நிறைய வாடிக்கையாளர்களின் போன்கள் கிடந்தன. பழைய சாமான்களை எடைக்கு எடுக்கும் மலையாளி ஒருவர் வந்து, "எல்லாம் ஞான் எடுத்தோளாம் சேட்டா" என்றார். உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டேன். கண் வீங்கியிருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"அதெல்லாம் அவங்கவங்க ஊட்டுச் சாவிங்கண்ணா. சாவிய எடைக்குப் போடுவாங்களா? உடையவங்க கையில கொடுத்துருங்க" என்றார்.

அடுத்த சந்தை நாளில் உங்கள் கடையைத் திறந்து உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். தம்முடைய போன்தானா என்று திறந்து பார்க்க வேண்டுமே. வந்தவர்களில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை பாய், துண்டு தொங்கும் ஆணியைப் பார்த்தார்கள். நான் துண்டை எடுத்து மறைத்துப் பிடித்தேன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமே இல்லை. இத்தனை வருடம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்களா?

டப்பா காலியானபின் உங்கள் வீட்டம்மா உங்கள் போனோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நெம்பர் தெரியுமா அம்மிணி?"

"தெரியுங்கண்ணா. என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தாங்க. தனியாத் தொறக்கத்தான் பயமா இருக்குது."

துண்டைப் பிடித்தேன். திரும்பிக்கொண்டேன். பிறகு துண்டுக்குள்ளிருந்து உங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏதோ வீடியோ. அவர் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தார். என் கை கடுக்க ஆரம்பித்தது. "போதுமுங்கண்ணா" என்று அவர் சொல்லும்வரை இறக்கவில்லை. துண்டை மடித்து நீட்டினேன். "இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

கழுத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் போதும், உங்கள் முகத்தை இன்னொரு தடவை பார்த்திருக்கலாம். எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பாய்.