செர்ரித் தண்ணீர்

அக்டோபர் 11, சனி

கணக்கு வீட்டுப்பாடம் செய்யவில்லை. வேறு ஒன்று செய்தேன். இங்கே எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

வெல்பர்ன் கல்லூரி ஃபுட்பால் அணி காலையில் பேருந்தில் வந்து இறங்குவதற்கு முன்பே எங்கள் டோர்விக் கல்லூரி மைதானத்தில், விருந்தாளி அணி உடைமாற்றும் அறைக்குள் நான் இருந்தேன். கையில் அப்பாவின் குறடு. பையில் செர்ரிப் பழரசப் பொடி. பன்னிரண்டு ஷவர், பன்னிரண்டு பொட்டலம். ஷவர் தலையைக் கழற்று, பொடியைக் கொட்டு, மாட்டு. அம்மாவுக்கு அங்கே சலவை அறையில் வேலை என்பதால் சாவி எங்கள் சமையலறை ஆணியிலேயே தொங்குகிறது. பூட்டை உடைக்காத திருடி நான்.

ஆட்டத்தில் 24–21, நாங்கள் ஜெயித்தோம். பிறகு அவர்கள் குளிக்கப் போனார்கள். உள்ளே போனது பன்னிரண்டு மனிதர்கள், வெளியே வந்தது பன்னிரண்டு பீட்ரூட்.

சோரனிடம் சொல்லவில்லை. என் அண்ணன், எங்கள் அணியின் நடுவன். குனிந்து நின்று முட்டைப் பந்தைக் கால் இடுக்கு வழியாகப் பின்னால் அனுப்பிவிட்டு, அடுத்த நொடியே எதிரில் நிற்கும் எருமை மேல் போய் மோதுவதுதான் அவன் வேலை. இது அவனுக்கு நான்காம் ஆண்டு, அதாவது கடைசி ஆண்டு. நேர்மை அவனுக்கு ஒரு வியாதி. சொன்னால் நேரே போய்ப் போட்டுக்கொடுத்துவிடுவான்.

அக்டோபர் 15, புதன்

வெல்பர்னிலிருந்து புகார்க் கடிதம். "குழாயில் சிவப்புத் தண்ணீர்." விளையாட்டுத் துறையைப் பார்த்துக்கொள்ளும் லுண்ட் மேடம் குழாய்க்காரரை வரவழைத்தார். அவர் ஒரு மணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது, அம்மா வாய்மொழியாக: "எங்க தாத்தா காலத்து பைப்பு மேடம். துருவாத்தான் இருக்கும்."

துருவாம். துருவில் செர்ரி வாசம் வருமா? ஒருத்தராவது மோந்து பார்த்திருக்கலாம். ரொட்டி புரையேறும் அளவுக்குச் சிரித்தேன்.

நவம்பர் 15, சனி

பத்தாவது ஆட்டமும் வெற்றி. பத்துக்குப் பத்து. எங்கள் வீட்டில் யாரோ ஒருவர் அந்த மதிப்பெண் வாங்கியதே பெரிய விஷயம்.

சோரன் இரண்டு தட்டு உருளைக்கிழங்கு தின்றுவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்குத்தான் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கமிட்டி பட்டியல் போடுகிறது: நாக்-அவுட்டில் யார் யாரோடு, எந்த ஊரில். மூன்று வருடமாக ஒரே கதை. விமானச் செலவு சங்கத்தின் தலையில் விழக் கூடாதென்று, பேருந்தில் போகிற தூரத்தில் இருக்கிறவர்களையே மோத விடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் பேருந்து எட்டும் பெரிய அணி வெல்பர்ன் ஒன்றுதான். டெக்சஸ்காரனுக்குச் சோப்ளாங்கி அணி, எங்களுக்கு முதல் சுற்றிலேயே வெல்பர்ன். அதுவும் அவர்கள் ஊரில். மூன்று தடவையும் தோற்றோம், மூன்று தடவையும் சோரன் பேருந்தின் கடைசி இருக்கையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வந்தான்.

இந்த முறை தரவரிசையில் நாங்கள் அவர்களுக்கு மேலே, மேலே இருக்கிறவர்கள் ஊரில்தான் ஆட்டம். அவர்களே வந்தாலும் எங்கள் ஊருக்கு வர வேண்டும். சோரனுக்கு அது போதுமாம். "நம்ம மைதானத்துல ஒரே ஒரு தடவ, டில்டா. ஜெயிச்சாலும் தோத்தாலும் நடந்தே வீட்டுக்கு வந்துரணும்."

நவம்பர் 16, ஞாயிறு

கல்லூரி உணவுக்கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. பெரிய திரை. மடியில் தட்டு, தட்டில் ஆறிப்போன இறைச்சி கேசரோல். பெயர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

டோர்விக் – வெல்பர்ன். ஆடும் இடம்: வெல்பர்ன்.

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் மைதானத்தில் எட்டாயிரம் பேர் உட்காரலாம், அதனால்தான் என்றார் தபால்காரர். கமிட்டியில் வெல்பர்ன்காரன் மச்சான் இருப்பான் என்றது இன்னொரு மேசை. அம்மாவின் சலவை அறையிலிருந்து படுக்கை விரிப்பு ஒன்றை உருவி, கறுப்பு மையில் எழுதி மாடிக் கைப்பிடியில் தொங்கவிட்டேன்: பத்து ஜெயிச்சோம், பஸ் டிக்கெட் கொடுத்தாங்க. கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. நியாயத்தின் குரல் நான்.

இது மாலை ஐந்து மணி வரை.

சாப்பாட்டு மேசையில் சோரன் சொன்னான்: "எட்டாயிரம் சீட்டெல்லாம் காரணம் இல்ல. லுண்ட் மேடம் கமிட்டிக்கு போன் பண்ணி கேட்டாங்க. விருந்தாளி ரூம்ல தண்ணி சரியில்லன்னு ஒரு புகார் நிலுவைல இருக்கு, அதான் அங்க மாத்திட்டாங்களாம். மைதான ஃபாரத்துலயே அத கேப்பாங்க. மேடம் உள்ளத உள்ளபடி எழுதிட்டாங்க, பழைய பைப்பு, துருவா இருக்கலாம்னு."

வேறு எந்த ஊராக இருந்தாலும் ஃபாரத்தின் அந்தக் கட்டத்தில் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஊரில் எழுத மாட்டார்கள். சரிசெய்யவில்லையே.

ஆட்சேபம் சொல்ல நாளை மதியம் பன்னிரண்டு மணி வரை நேரமாம். "சொல்லி என்ன பண்றது," என்றாள் அம்மா. "ஒரு ராத்திரில புது பைப்பா போட முடியும்?"

நான் பட்டாணியை எண்ணிக்கொண்டிருந்தேன். என் காது சூடாக இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நவம்பர் 17, திங்கள்

8:10. வகுப்புக்கு முன்னால் லுண்ட் மேடத்தின் அறை வரை போனேன். கதவில் அவர் நாய்க்குட்டியின் படம். திரும்பி வந்துவிட்டேன்.

10:30. சொன்னால் அம்மாவின் வேலை போகுமோ? சாவி அவளுடையது. – இல்லை, இது சாக்கு. அம்மாவை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிகிறேன்.

11:40. வேதியியல். அமிலம், காரம். கை தூக்கி வெளியே போகிறேன் என்று சொன்னால் போதும். நடந்தால் பத்து நிமிடம்.

11:52. ஓடினால் நாலு நிமிடம்.

11:57.

12:00. மணி அடித்தது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

நவம்பர் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். தூக்கமில்லாமல் காலை ஏழரைக்கே போய், உட்காரச் சொல்வதற்குள் கொட்டிவிட்டேன். துரு இல்லை மேடம், செர்ரி. பன்னிரண்டு பொட்டலம். அம்மாவுக்குத் தெரியாது.

லுண்ட் மேடம் திட்டியிருந்தால் தேவலை. கமிட்டிக்குப் போன் போட்டார். நான் அங்கேயே நின்றேன். அவர் அதிகம் பேசவில்லை, "புரியுது" என்று மட்டும் நாலு தடவை சொன்னார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நேத்து மதியத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா மாத்தியிருப்பாங்களாம். இப்ப அவங்க டிக்கெட்டே வித்தாச்சு."

"நேத்து உங்க கதவு வரைக்கும் வந்தேன் மேடம்."

"கதவ தட்டினியா?"

தண்டனை: வெல்பர்னுக்கு மன்னிப்புக் கடிதம், என் கைப்பட. இந்தப் பருவம் முடிய விருந்தாளி அறையைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்து போட வேண்டும். அம்மா சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

சோரனிடம் நானே சொன்னேன். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சைப் போட்டான், அவிழ்த்தான், திரும்பப் போட்டான்.

"திங்கக்கிழம காலைலயே உனக்குத் தெரியும்ல?"

ஆமாம் என்றேன். பயிற்சிக்குப் போய்விட்டான்.

நவம்பர் 20, வியாழன்

என் படுக்கை விரிப்பு இன்னும் மாடியில் தொங்குகிறது. வழியில் பார்க்கிறவர்கள் கட்டைவிரல் காட்டுகிறார்கள். சாயங்காலம் போய் அவிழ்த்துவிட்டேன்.

சோரன் பேசி மூன்றாம் நாள்.

நவம்பர் 22, சனி. வெல்பர்ன்.

நின்றபடியே எழுதுகிறேன்.

நாலு மணி நேரப் பேருந்து. வெல்பர்ன் மைதானம் ஏரிக்கரையில் திறந்து கிடக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும். எங்கள் மைதானத்தில் வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் சோளக் குதிர்கள் வரிசையாக நின்று காற்றை மறித்துக்கொள்ளும்.

கடைசியில் 20–19, அவர்கள் முன்னிலை. மிச்சம் நாலு நொடி. முப்பத்தி நாலு கெஜத்திலிருந்து ஒரு உதை, கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. இதே தூரத்தை பந்தை உதைக்கிற எங்கள் பையன் எங்கள் மைதானத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். சோரன் குனிந்தான். பந்து பின்னால் சரியாகத்தான் போனது, பார்த்தேன், அம்பு மாதிரி. உதையும் நேராகத்தான் கிளம்பியது. நடுவழியில் யாரோ தோளைத் தொட்டுக் கூப்பிட்டது போல வலப்பக்கம் திரும்பியது.

கம்பத்துக்கு வெளியே. ஒரு முழம் இருக்கும்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது.

நவம்பர் 23, ஞாயிறு

பேருந்தில் சோரன் கடைசி இருக்கைக்குப் போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஹெல்மெட் மடியில். முடி ஈரமாக இருந்தது. அவர்கள் அறையில் தண்ணீர் நல்ல சூடாம். துண்டுகூட மடித்து வைத்திருந்தார்களாம்.

பாதி வழியில், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்: "வீட்லயா இருந்தாலும் தோத்திருப்போம்டி."

அவனுக்குப் பொய் சொல்ல வராது. பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். குதிர்கள் அவனுக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் இனி எப்போதும் எனக்குத் தெரியப்போவதில்லை: அந்த ஒரு முழம் யாருடையது, காற்றினுடையதா, என்னுடையதா. பட்டியல் போட்ட கமிட்டியைத் திட்ட ஊரில் எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. எனக்கு மட்டும் இல்லை.

டிசம்பர் 6, சனி

மதியம் பெண்கள் கூடைப்பந்து. வருகிற அணி வெல்பர்ன். வேறு யாராக இருக்கும், பேருந்து எட்டுகிற தூரமாயிற்றே.

காலை எட்டுக்கு அம்மா கதவைத் திறந்துவிட்டுப் போனாள். நான் வெள்ளைத் துண்டோடு முதல் ஷவருக்கடியில் நின்றேன். பின்னால் காலடிச் சத்தம். சோரன். கையில் அப்பாவின் குறடு.

"நகரு."

கழற்றினான். உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்த்தான். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான். மாட்டினான். அடுத்தது. நான் குழாயைத் திறந்து துண்டைப் பிடித்தேன். பன்னிரண்டையும் அப்படியே.

கடைசித் தலையை மாட்டிவிட்டுக் குறடை என்னிடம் நீட்டினான். "கையெழுத்து போடு. அவங்க பஸ் வந்துருச்சு."

துண்டு ஈரமாக இருந்தது. வெள்ளையாகவும். தாளில் தேதிக்குப் பக்கத்தில் என் முழுப் பெயரை எழுதினேன், படிக்கிற மாதிரி.