முத்திரை வைத்த நகல்

12.8.2025

மச்சான் தட்சிணாமூர்த்தி அவர்களுக்கு,

வணக்கம். என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைத் தூக்கி எறியாமல் இருந்தால், மீதியையும் படித்துவிடுங்கள். இதைச் சிறைத் தபாலில் போடவில்லை. அலுவலகத்தார் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். என் வழக்கைப் பார்க்கும் சட்ட உதவி வக்கீல் எழிலரசி எடுத்துப்போகிறார்.

இளவரசியும் மகள் கயல்விழியும் கடலூர் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சிதம்பரத்தில் உங்களோடு இருப்பதை அவர்தான் சொன்னார். என் மனைவி சொல்லவில்லை. என்னைப் பார்க்க ஏழு மணி நேரம் பஸ்ஸில் வர வேண்டாம் என்று எழுதியது நான்தான். இத்தனை சரியாகக் கேட்பாள் என்று நினைக்கவில்லை.

காடாம்புலியூர் முந்திரித் தோப்பில் சுப்பராயலுவைத் தள்ளியது நான். பங்காளி என்றும் பார்க்காமல் வரப்பை வெட்டியவன் அவன். விழுந்த இடத்தில் கல் கிடந்தது. தள்ளியதற்கும் கொன்றதற்கும் வித்தியாசம் உண்டு என்று அப்பீலில் சொல்ல நினைத்தேன். தீர்ப்பன்று கடலூர் கோர்ட் வாசலில் நீங்கள் சொன்னீர்கள்: “மாப்ள, படிச்ச திமிர மூட்ட கட்டி வைங்க. சிதம்பரத்துல எனக்குத் தெரிஞ்ச வக்கீலு இருக்காரு, அப்பீல அவுரு பாத்துப்பாரு.” உங்கள் ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் நானே எழுதினேன். பதினோரு பக்கம், கார்பன் வைத்து. அறுபது நாள் கெடுவில் நாற்பத்தோராம் நாள் சிறை அலுவலகத்தில் கொடுத்தேன். உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர்கள் கடமை. நகலின் முதல் பக்கத்தில் வட்ட முத்திரையும் தேதியும் போட்டுத் தந்தார்கள். ஒரு வருஷம் காத்திருந்தேன். எழிலரசி தேடிப் பார்த்தபோது அப்படி ஓர் அப்பீல் அங்கே போய்ச் சேரவே இல்லை.

கோர்ட்டுக்குப் போகும் உரிமையைச் சிறை பறித்துவிட்டது என்று இப்போது வழக்குப் போட்டிருக்கிறோம். ‘கைதி எந்த மனுவும் தரவில்லை’ என்று பதில் வந்திருக்கிறது. “சார், லேட்டானதுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மனு போட்டா அப்பீல எடுத்துக்குவாங்க. எதுக்கு இந்தச் சண்ட?” என்று எழிலரசியே கேட்டார். நான் லேட்டாகவில்லை. பக்கத்துக் கொட்டடி அன்பரசுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் அப்பீலை எழுதிக் கொடுத்ததும் நான்தான். அதுவும் இப்படியே போயிற்று. நான் தலையாட்டினால் அவன் தலையையும் சேர்த்து ஆட்டியதாகிவிடும்.

“சரி, அந்த சீல் வச்ச நகல் எங்க சார்?” என்றார். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

அது உங்களிடம் இருக்கிறது மச்சான். உங்கள் வக்கீல் எனக்குத் தேவையில்லை என்று காட்டுவதற்காகவே, முத்திரையோடு உங்களுக்கு அனுப்பிவைத்தேன். பத்தாவது தாண்டாதவன் எனக்குச் சட்டம் சொல்ல வேண்டாம் என்று கூடவே ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை நீங்கள் என்ன செய்திருந்தாலும் நியாயம்தான். நகல் வேறு தாள்.

28ஆம் தேதி விசாரணை. முதல் பக்கம் மட்டும் போதும். கசங்கியிருந்தாலும் பரவாயில்லை, முத்திரை தெரிய வேண்டும். எழிலரசியின் முகவரி பின்பக்கம் இருக்கிறது. அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டீர்கள் என்றால், அதையாவது ஒரு வரி எழுதுங்கள். திட்ட மாட்டேன். தினமும் தபால் நேரத்தில் கம்பியருகே நிற்பதை மட்டும் நிறுத்திக்கொள்வேன்.

கயல்விழியைக் காலையில் கல்லூரிக்கு உங்கள் வண்டியில் கொண்டுபோய் விடுகிறீர்களாம். பைபாஸில் லாரி ஜாஸ்தி. மெதுவாக ஓட்டுங்கள்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

செம்பியன்