எட்டாவது வாய்

மார்ச் 4, திங்கள்

வாழைப்பழத்துக்கு இன்றோடு முழுக்குப் போட்டாயிற்று. மூன்று வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இன்று சுத்தமாக நிறுத்திவிட்டேன். விலங்குப் பூங்காவில் பாதிப் பேருக்கு என்மேல் கோபம். குரங்கு என்றால் பழம் என்று படப் புத்தகத்தில் பார்த்து வளர்ந்தவர்கள். இவை இலைக் குரங்குகள். மாட்டுக்கு இருப்பதுபோல வயிறு அறை அறையாக இருக்கும். இலையைப் புளிக்கவைத்துத்தான் செரிக்கும். அதில் சர்க்கரையைக் கொட்டினால் ஊதிக்கொள்ளும், கழிச்சல் பிடிக்கும். ஒரு வருடமாகப் பிடித்துத்தான் இருந்தது. உணவுப் பொறுப்பு என் கைக்கு வந்து இரண்டு மாதம். இனி என் இஷ்டம்.

மார்ச் 8

கூண்டு கழுவும்போது போய்ப் பார்த்தேன். ஏழு குரங்குகளில் ஐந்து கெட்டியாகப் போயிருக்கின்றன! சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் விவரமாகச் சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மார்ச் 11

கூண்டைப் பார்த்துக்கொள்பவரோடு சின்ன உரசல். வாயை மூடத் தெரியாதவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ரேடியோ. பேசுவது போதாதென்று பதிவேட்டிலும் பேசுகிறார். “கோணவால் முகமே சரியில்லை. ஓரமா உட்கார்ந்திருக்கு” என்று எழுதியிருந்தார். கோணவால் குட்டி போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது, களைப்பு இருக்காதா? அந்த வரியை அடித்தேன். இதில் எடை மட்டும் எழுதுங்கள், முகமெல்லாம் வேண்டாம் என்றேன். தலையாட்டினார்.

மார்ச் 14

எடை போடும் நாள். கோணவால் எட்டே கால் கிலோவிலிருந்து ஏழு தொள்ளாயிரத்துக்கு இறங்கியிருக்கிறாள். மற்றவை பரவாயில்லை.

மார்ச் 18, திங்கள்

ஏழு அறுநூறு.

பூங்காவின் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். “பால் குடுக்கிறவ. இன்னும் இறங்கினா குட்டியும் போயிடும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன், அப்புறம் பழம்தான்.”

தின்பது குறைவென்றால் ஒப்புக்கொள்வேன். கணக்கு என் கையில் இருக்கிறதே! காலையில் பதினான்கு கிலோ தழை கட்டுகிறோம், மாலையில் ஆறு கிலோ மிஞ்சுகிறது. எட்டு கிலோ உள்ளே போயிருக்கிறது. ஏழு வாய்க்கு எட்டு கிலோ தாராளம். அப்படியே அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்துவிட்டேன். பிறகு ஏன் இளைக்கிறாள்?

மார்ச் 20

ஐயோ, எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

மாலையில் பார்த்தால் தழையறையில் ஒரு கட்டு ஆணியிலேயே தொங்கியது. காலையில் கூண்டுக்குக் கொண்டுபோக மறந்திருக்கிறார்கள். ரேடியோ எழுதிய சீட்டு அதிலேயே இருந்தது: 2 கிலோ. யாரைத் திட்டலாம் என்ற யோசனையோடு கழற்றினேன். கைக்கு லேசாக இருந்தது. தராசில் வைத்தேன். ஒரு கிலோ முந்நூறு.

எந்தக் குரங்கும் அதைத் தொடவில்லை. எழுநூறு கிராம் எங்கே போச்சு? காத்துல வாடிப் போச்சு. அவ்வளவுதான்! இருபது வருஷமா துணி காயப்போடறேன், இது தெரியாதா எனக்கு? மாலையில் மிஞ்சிய ஆறு கிலோ, காலையில் ஒன்பதுக்கு மேல் இருந்த தழை. எட்டு என்று எழுதியது ஐந்துகூடத் தேறாது. மீதியைத் தின்றது காற்று. அதை நான் கோணவால் வயிற்றில் எழுதி வைத்திருக்கிறேன்.

ரேடியோவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். “அதான் மேடம் அன்னிக்கு எழுதினேன். அவ திங்கல” என்றார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மார்ச் 21

காலை முழுக்கக் கூண்டுமுன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பதினான்கு கிலோவையும் ஒரே கம்பத்தில் கட்டுகிறோம். கூட்டத்துக்குத் தலைவரான ஆண் குரங்கு, எங்கள் பெரியவர், அதன்மேல் கல்யாண வீட்டு மாமாபோல சாய்ந்துகொள்கிறார். குட்டியை மார்பில் வைத்துக்கொண்டு கோணவால் பக்கத்தில் போனால் பல்லைக் காட்டுகிறார். அவள் முறை வரும்போது நண்பகல் தாண்டிவிடுகிறது. மிஞ்சியது வாடல், அதுவும் காம்பு. கையில் எடுத்துப் பார்த்தாள், கீழே போட்டாள்.

நேராக டாக்டரம்மாவிடம் போய் என் கணக்கு தப்பு என்று சொன்னேன். பழம் வேண்டாம், இரண்டு வாரம் கொடுங்கள் என்றும் கேட்டேன். “தப்புன்னு சொல்றதையும் இவ்வளவு அதிகாரமா சொல்ற ஆளு நீதான்” என்றார். கொடுத்தார்.

மார்ச் 22

ஒன்பது இடத்தில் கட்டினோம். வாடாமலிருக்கக் காம்பெல்லாம் தண்ணீர் நிரப்பிய குழாய்த் துண்டுக்குள். காலை பாதி, மதியம் பாதி. கூண்டுக்கு வெளியே, எந்தக் கையும் எட்டாத இடத்தில், அதேபோல ஒரு கட்டு. அது எவ்வளவு இளைக்கிறதோ அவ்வளவும் காற்றின் பங்கு.

பெரியவர் ஒன்பது இடத்துக்கும் ஓடி ஓடி பதினோரு மணிக்கே தூங்கிவிட்டார்.

மார்ச் 28

ஏழு எழுநூறு. நூறு கிராம்தான். வீட்டுக்காரரிடம் சொன்னேன். இந்தத் தடவை தட்டோடு உட்கார்ந்தே கேட்டார்.

ஏப்ரல் 5

ஏழு தொள்ளாயிரத்து ஐம்பது. டாக்டரம்மா பழப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பதிவேட்டில் ஏழு பேருக்குக் கீழே ரேடியோ தானாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “எட்டாவது வாய் – காற்று – 300 கிராம்.” அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 22, திங்கள்

கோணவால் எட்டு முந்நூறு. பழைய எடைக்கும் ஐம்பது கிராம் கூட.

மதியக் கட்டு போட்ட கொஞ்ச நேரத்தில் ரேடியோ கையைக் காட்டினார். குட்டி அம்மாவின் வாயிலிருந்து ஒரு தளிரை உருவி, தன் வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது. பாதியைத் துப்பியது. பாதி உள்ளே போனது.

“இதை எங்க மேடம் எழுதறது?” என்று கேட்டார்.

பேனாவை வாங்கி நானே எழுதினேன்: “குட்டி இன்று ஓர் இலை தின்றது. எடை தெரியவில்லை. முகம் நன்றாக இருக்கிறது.”